புந்தால் மீனுக்கு லைட் டியூட்டி

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அக்கா தொலைபேசியில் அழுதாள். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் முறை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஒரு கையால் காற்சட்டையைத் தேடிக்கொண்டே, "அப்பா மூச்சு விடுறாரா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு என்னா, ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. மீனுதான்டா. மல்லாந்து மெதக்குது."

எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை வைத்திருப்பேன். வைக்கவில்லை. நான் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். தண்ணீரும் குழாயும் மோட்டாரும் சேர்ந்து இருக்கிற எதையும் நான் சரி செய்துவிடுவேன் என்பது அக்காவின் நம்பிக்கை. முதல் வாடிக்கையாளரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனேன்.

அந்த மீன் ஒரு புந்தால். கோபம் வந்தால் பந்து மாதிரி உப்பிக்கொள்ளும் கடல் மீன். இங்கே எல்லோருக்கும் அதைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தின்றால் சாவு. அதை அக்காவுக்குக் கொடுத்தவர் லூமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரியின் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பத்திரண்டு வயது, மனைவியை இழந்தவர், எங்கள் சபைக்காரர். ஒரு வருடமாக அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சேலை வாங்கிக் கொடுப்பார்கள். இவர் ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு பெரிய கலன் நிறையக் கடல் தண்ணீர், ஒரு புந்தால் ஆகியவற்றைக் கொண்டுவந்து இறக்கினார். "பொண்ணு கேக்க வந்தவரு வெஷத்தக் குடுத்துட்டுப் போறாரு" என்றாள் என் மனைவி.

அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அக்கா ஒரே பதிலைச் சொன்னாள்: அப்பாவுக்குக் கால் முடியாது. மதத்தையோ சாதியையோ காட்டி மறுக்க முடியாத மாப்பிள்ளைக்கு எதிராக எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது அப்பாவின் முழங்கால் மட்டும்தான்.

அந்த முழங்கால் அம்மா இறந்த மறுவாரம் விழுந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இந்த வயதுக்கு ஒன்றும் குறையில்லை என்றார். "சின்னப் பய, அவனுக்கு என்னா தெரியும்" என்றார் அப்பா. அன்றிலிருந்து ஆறு வருடமாக அவர் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. கீழே சோபா, தொலைக்காட்சி, பக்கத்தில் கச்சாங் பூத்தே டின், கூப்பிட்டால் வர அக்கா. பல் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்துவிட்டு வந்து அவள் சமைப்பாள், துவைப்பாள், அவருக்குத் தைலம் தேய்ப்பாள். மகன் என்ற முறையில் நான் செய்தது, சனிக்கிழமைதோறும் புந்தோங்குக்குப் போய்ப் பொரித்த கடலையும் பருப்பும் கறிவேப்பிலையும் கலந்த அந்தக் கச்சாங் பூத்தேயை வாங்கிக்கொண்டு வருவது. அதையும் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் மீன் வைத்தால் நாற்றம் வரும் என்று அப்பா சொல்லிவிட்டதால் தொட்டி மாடியில் அக்காவின் அறையில் இருந்தது. போய்ப் பார்த்தேன். வெள்ளை வயிறு மேலே, நாய் மாதிரி மூஞ்சி கீழே. செட்டைகள் என்னவோ அவசரமாக அடித்துக்கொண்டிருந்தன. கண் மட்டும் உருண்டு உருண்டு என்னைப் பார்த்தது.

கைபேசியில் தேடினேன். மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறதாம். தண்ணீரில் அடிக்குப் போகாமலும் மேலே மிதக்காமலும் நிற்பது அதனால்தானாம். அது கெட்டாலோ, குடல் வீங்கி அதை அழுத்தினாலோ மீன் இப்படிக் கவிழ்ந்துவிடுமாம். புந்தால் காற்றைக் குடித்துவிட்டாலும் இதே கதிதான். அதற்குத் தண்ணீருக்குள்ளேயே வாய் மேலே இருக்கும்படி பிடித்து வயிற்றைத் தடவிக் கொடுக்க வேண்டும், குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி. சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை தொட்டிக்குள் கைவிட்டேன். மூன்று குமிழிகூட வரவில்லை. என் கட்டைவிரல் நகத்தில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு மீன் மறுபடியும் மல்லாந்தது.

மீன் கடைக்காரருக்கு அழைத்தேன். ஊசியைக் குத்திக் காற்றை உறிஞ்சி எடு, ஆழக்கடலில் பிடிக்கிற மீனுக்கு அப்படித்தான் செய்வார்கள் என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசியெல்லாம் வேணாம். குத்துனா செத்துரும்."

"அப்ப அவருக்கே போன் பண்ணிக் கேளு. அவரு மீனுதான?"

"அவருகிட்ட மட்டும் சொல்லாதடா." ஃபெரி பழுதுபார்க்கப் போயிருந்தது, அவரும் கூடப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து கடைசியாக ஒரு முறை பதிலைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். "நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். இது பொழச்சா ஞாயித்துக்கெழம அவருகிட்ட சரின்னு சொல்லிருவேன். செத்துச்சுன்னா அப்பாவோடயே இருந்துடுறேன். கர்த்தரு முடிவு பண்ணட்டும்."

"கர்த்தருக்கு வேற வேல இல்லியா?"

அவள் சிரிக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதுப் பெண், தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் ஒரு புந்தாலின் வயிற்றில் வைத்துவிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன், கீழே தொலைக்காட்சிச் சத்தம் நின்றிருந்தது. அப்பாவின் குரல் படியேறி வந்தது.

"பேஷண்ட கீழ கொண்டாங்கலா!"

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெஸ்ஸராக இருந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி, கட்டு, மருந்து எல்லாம் அவர்தான். காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும், இன்றைக்கு வேலைக்குப் போக முடியாது என்கிறவர்கள் அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அப்பாவுக்கு இரண்டே வியாதிகள்தான் தெரியும்: வயிறு, நடிப்பு. வயிற்றுக்குப் பேதி உப்பு கொடுப்பார். நடிப்புக்கும் பேதி உப்புதான் கொடுப்பார். பிறகு ஒரு சீட்டு எழுதுவார். ஓய்வு, லைட் டியூட்டி, வேலைக்குத் தகுதி, இந்த மூன்றில் ஒன்று. அவர் கையெழுத்து இல்லாத சீட்டைக் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். தோட்டம் விற்கப்பட்டு ஆஸ்பத்திரியை மூடியபோது மிச்சமிருந்த சீட்டுப் புத்தகங்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இருபது வருடமாக எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியல் எழுதுவது அதில்தான்.

மீனைத் தண்ணீரோடு மொண்டு ஒரு பக்கெட்டில் கொண்டுவந்து, காற்றுக் குழாயையும் போட்டு, அவர் முன்னால் வைத்தோம். அவர் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மூவரும் காத்திருந்தோம், மீனையும் சேர்த்து. பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதுச் சீட்டு ஒன்றைத் திருப்பினார்.

"பேரு?"

"பேரு வைக்கலப்பா."

'புந்தால்' என்று எழுதிக்கொண்டார். "எத்தன நாளா?"

"இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

"வெளிய போச்சா?"

அக்கா யோசித்தாள். "மூணு நாளா தொட்டியில ஒண்ணையும் காணோம்."

அப்பா தலையாட்டினார். அலமாரியிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவரச் சொன்னார். அதைப் பக்கெட்டின் பக்கவாட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இருதயம் கன்னாபின்னான்னு அடிக்குது" என்றார். அது காற்று மோட்டார். பிறகு குனிந்து மீனின் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நடிக்குது."

"என்னாப்பா?"

"கண்ணப் பாருலா. நெசமா நோவு இருக்கறவன் கண்ணு இப்பிடிச் சுத்தாது. எத்தன பேரப் பாத்திருப்பேன்." ஆனாலும் வயிற்றை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மலச்சிக்கலும் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். பக்கெட்டுக்கு ஒரு தேக்கரண்டி பேதி உப்பு, மூன்று நான்கு நாள் பட்டினி. அதை எழுதிக் கடைசியில் 'லைட் டியூட்டி' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

"மீனுக்கு ஏதுப்பா டியூட்டி?" என்றேன்.

"நீந்துறதுதான். வேற என்னா."

கைபேசியில் மறுபடியும் தேடினேன். வயிறு வீங்கிய கடல் மீனுக்குப் பேதி உப்பு போடலாம் என்றுதான் அதிலும் இருந்தது. எழுபத்தெட்டு வயதில் அப்பாவுக்கு ஒருவழியாகப் பொருத்தமான பேஷண்ட் கிடைத்துவிட்டது.

பக்கெட் சோபாவுக்குப் பக்கத்திலேயே தங்கியது. பகலில் அக்கா வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவும் மீனும் மட்டும். எனக்கு நிம்மதியில்லை. மகளை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்த மனிதர் ஒன்றும் செய்யவே வேண்டாம், மருந்தைப் போடாமல் இருந்தால் போதும். மேலே அக்கா சொன்னதை அவர் கேட்டிருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வேலைக்கு நடுவே போய் எட்டிப் பார்த்தேன். ஒரு முறை அவர் குளிக்கப் போனபோது பேதி உப்புப் பொட்டலத்தைப் பிரித்து நாக்கில் வைத்தும் பார்த்தேன். பேதி உப்புதான். அன்று சாயங்காலம் எனக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மீன் மல்லாந்த நிலையிலிருந்து ஒருக்களித்த நிலைக்கு வந்தது. சனிக்கிழமை அக்காவுக்கு அரை நாள் வேலை. அவள் வீட்டுக்குள் நுழைந்து கைப்பையை வைக்கிறாள், நான் கச்சாங் பூத்தே பொட்டலத்தோடு பின்னாலேயே நுழைகிறேன், அப்பா சோபாவிலிருந்து கத்தினார்.

"போயிருச்சு! போயிருச்சு! வந்து பாருங்கலா!"

ஓடினோம். மீன் நேராக நின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் மேலே வந்து வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியது. அக்கா கையைக் கூப்பிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கெட்டின் அடியில் வெள்ளை நூல் மாதிரி மலம் கிடந்திருக்கிறது. தோட்டத்து வழக்கப்படி அப்பா அதைக் கரண்டியால் எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வைத்திருந்தார். பெருமையோடு தட்டை நீட்டியவர், நீட்டிய பிறகுதான் அதை நன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கையைப் பின்னால் இழுத்தார். அதற்குள் நாங்கள் பார்த்துவிட்டோம்.

அதன் நடுவே, ஊறிப்போன பொரித்த கொண்டைக்கடலையில் பாதி, மஞ்சள் நிறம் மாறாமல். பக்கத்தில், கறிவேப்பிலையில் ஒரு துண்டு.

அக்கா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "நீ குடுத்தியா?"

"நான் செவ்வாக்கெழமதான் மாடிக்கே போனேன்."

இருவரும் அப்பா பக்கம் திரும்பினோம். அவர் அணைந்திருந்த தொலைக்காட்சியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் ஒரு பேஷண்டிடமும் கேட்காமல் விடாத கேள்வியை அவர் மீன் விஷயத்தில் மட்டும் கேட்கவே இல்லை. என்ன சாப்பிட்டது என்று கேட்கவே இல்லை.

"அப்பா, மாடிக்கு எப்பிடிப் போனீங்க?" என்றாள் அக்கா.

"படியிலதான்."

"எத்தன நாளா?"

"மீனு வந்ததுலேருந்து. நீ வேலைக்குப் போனப்பறம்." குரல் தாழ்ந்தது. "நான் போயி நின்னா கண்ணாடிகிட்ட ஓடியாருது. பகல்ல இந்த வீட்ல என்னப் பாத்து ஓடியார வேற யாரு இருக்கா? ஒரு கடல குடுத்தேன். கறுக்கு முறுக்குன்னு கடிச்சிச்சு. அப்பறம் தெனம் நாலு."

"காலு?"

"மொதல்ல வலிச்சது நெசம்."

"அப்பறம்?"

"மூணு மாசத்துல போயிருச்சு."

"ஆறு வருஷம்பா" என்றாள் அக்கா.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போல் வாய் துறுதுறுத்தது. திட்ட முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் குறையில்லை என்று சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அப்பாவின் கால் வலித்துக்கொண்டிருக்கும்வரை அக்கா இந்த வீட்டில் இருப்பாள், நான் சனிக்கிழமை ஒரு பொட்டலத்தோடு தப்பித்துக்கொள்ளலாம். அவர் ஒருவர்தான் நடித்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

"மேல நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சுதான?" என்றாள் அக்கா. "மீனு செத்தா நான் இங்கயே இருந்துருவேன்னு. அப்பறம் ஏன் மருந்து குடுத்தீங்க?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே புரியாததுபோல் இருந்தது. "பேஷண்ட்லா" என்றார்.

அக்கா எழுந்து போய் மேசையிலிருந்த சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நின்றுகொண்டே எழுதினாள். பேர், அப்பா. வியாதி, முழங்கால். பரிசோதனையில் கண்டது, நடிப்பு. கடைசி வரியில் 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கிழித்து அவர் மடியில் வைத்தாள். பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கும் ஒண்ணு எழுதணுமா?"

"வேணாம்க்கா," என்றேன். "அப்பா எங்க வீட்டுக்கு வரட்டும். காலி ரூமு மாடியிலதான் இருக்கு."

அப்பா சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது செல்லாது. டிரெஸ்ஸர் கையெழுத்து எங்க?" என்றார்.

அக்கா பேனாவை நீட்டினாள். அவர் வாங்கி, சீட்டைத் தொடைமேல் வைத்து, தோட்டத்தில் போடுகிற அதே முழுக் கையெழுத்தை அவசரமில்லாமல் போட்டார். சீட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.