துக்க நாளில் நாலு பீப்பாய்கள்

செய்தி வந்தபோது சனிக்கிழமை காலை ஒன்பதே கால். பப்பின் பின்வாசலை ஒட்டியிருந்த டெலிபோனை எடுத்தவள் றோஸ்மலர். கொழும்பிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் யாக்கோப்பு பேசினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது.

"பிள்ளை, லைன் எப்ப அறுமெண்டு தெரியாது. நான் சொல்லுறதைக் கேள். மன்னாரிலயிருந்து இந்தியாவுக்குப் போன வள்ளம் ஒண்டு கவிண்டிட்டுது. கஸ்பர் அதிலதான் போனவன். உடம்பு கரைக்கு வந்தது. நேற்று அடக்கமும் முடிஞ்சுது."

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். லைன் அறுந்துவிட்டது.

கஸ்பர் அவளுடைய கடைசித் தம்பி. றோஸ்மலர் ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். அந்த நேரம் பார்த்து நிலத்துக்கு அடியிலிருந்து, பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் செல்லரிலிருந்து, புருஷன் பெனடிக்றின் குரல் உற்சாகமாக வந்தது.

"றோஸ்! நாலும் நல்லாத் தெளிஞ்சிட்டுது. கெதியா வாரும்!"

அவள் கீழே போகவில்லை. படியேறி மேல்மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெனடிக்ற் அந்த பப்பின் செல்லர்க்காரன். லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கும் அப்டன் பார்க்குக்கும் நடுவில், ஒரு பக்கத் தெருவின் மூலையில் இருந்தது அந்த பப். சொந்தக்காரி கத்தரின், அயர்லாந்துப் பெண், விதவை. கோயில் பூசையில் அறிமுகமாகி, எண்பத்தைந்தில் அவனை வேலைக்கு எடுத்தாள். புருஷன் சாகக் கிடந்தபோது இனி மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவள் அவள். முழங்கால் வலியால் செல்லர்ப் படிகளிலும் இறங்குவதில்லை. வேலை கொடுத்த அன்றே சொல்லிவிட்டாள்: "பென், பீப்பாய் தூக்க ஆள் கிடைக்கும். எனக்கு வேண்டியது ஒரு நல்ல மூக்கு. கெட்டுப்போன பியர் ஒரு கிளாஸ் மேலே வந்தால் என் பெயர் போய்விடும்." வேலையோடு மேல்மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன. வேலை போனால் அறைகளும் போகும்.

பெனடிக்றுக்கு உண்மையிலேயே நல்ல மூக்கு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் அதே படிகளில் மல்லாக்க விழுந்தான். பின்மண்டை அடிபட்டது. ஆஸ்பத்திரியால் வந்து றோஸ்மலர் வைத்த மீன்குழம்பை வாயில் போட்டவன் விழிகள் பிதுங்கப் பார்த்தான்.

"என்ன, உப்புப் போடேல்லையோ?"

"போட்டனான்."

"புளி?"

"எல்லாம் போட்டனான். இஞ்சேருங்கோ, என்ன செய்யுது உங்களுக்கு?"

மணம் போய்விட்டது. திரும்பி வரும் என்று டொக்டர் உறுதி சொல்லவில்லை, வரவும் இல்லை. இந்த வேலைக்கு முன்பு ஆறு மாதம் கையில் பெட்டியோடு அறை அறையாக அலைந்து, ஈரச் சுவரில் பிள்ளைத்தாய்ச்சியாகச் சாய்ந்து கிடந்து, அந்தப் பிள்ளையையும் பறிகொடுத்த பிறகு கிடைத்த வீடு அது. இனி ஒருமுறை தெருவில் நிற்க றோஸ்மலருக்குத் தெம்பில்லை. அடுத்த நாள் காலையில், கத்தரினுக்குத் தெரியாமல், அவளே செல்லருக்குள் இறங்கினாள்.

அதுவரை அவள் வாயில் பியர் பட்டதில்லை. ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு மிடறு; முதலில் வாளிக்குள் துப்பினாள். கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்று பெனடிக்ற் சொன்னதும் விழுங்கப் பழகினாள். பிறகு வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் ஒன்றைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போவாள். கோயில் சனத்துக்குத் தெரிந்தால் வாயில் போட்டு மென்றுவிடுவார்கள்.

கெட்டது எது நல்லது எது என்று படிப்பதுதான் பெரும் பாடு. ஒரு ஊரில் குறை என்று கொட்டுவது இன்னொரு ஊரில் பெருமை. பேர்ட்டன் ஊர் பீப்பாயை முதன்முதல் மணந்தபோது நெருப்புக்குச்சி அணைத்த மணம் அடித்தது. கெட்டுப்போச்சு என்று அவள் சொல்ல, பாதிப் பீப்பாயைக் கொட்டிய பிறகுதான் பெனடிக்றுக்கு நினைவு வந்தது, அந்த ஊர்த் தண்ணீருக்கே அந்தக் குணம் என்று. கெண்ட் பியரில் ஹொப் பூவின் கசப்பு தோடம்பழத் தோல் போல நிற்கும். யோர்க்ஷயர்ப் பியர் மென்மையானது. பியரை மேலே ஏற்றும் பம்பின் வாயில் சின்னத் துளைகள் போட்ட மூடி ஒன்றை மாட்டி நுரையை ஆடையாகத் திரட்டிக் கொடுக்கவேண்டும். ஸ்கொட்லாந்தில் இருந்து வருவது கறுப்பாக, சீனிப்பாகு கருகினது போல இருக்கும்.

அந்த நாலு ஊரும்தான் அன்று செல்லரில் வரிசையாகக் கிடந்தன. தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்ட், ரோட்டுத் தார் உருகும் வெயில். பியர்ப் பிரியர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு வந்து, நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்து, எந்தப் பகுதி பியர் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. தினமும் பப்புக்கு வரும் இரண்டு நாற்காலிச் சிங்கங்கள் ஒரு மாதமாக இதற்காகவே உறுமிக்கொண்டிருந்தார்கள். யோர்க்ஷயர்க்காரர் ஆர்தர், "தெற்கில் பியரை வாளியிலிருந்து ஊற்றுகிறீர்கள், நுரையே இல்லை" என்பார். சின்ன வயதில் தாயோடு கெண்டுக்கு ஹொப் பறிக்கப் போய் வந்த லென், "உங்கள் ஊரில் கிளாஸில் பாதி சவர்க்கார நுரை, அதற்கும் காசு வாங்குகிறீர்கள்" என்பார். கத்தரினுக்கோ இது விளையாட்டில்லை. கட்டடத்தை வாங்க ஒருவன் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அன்று பப் பெயரெடுத்தால் விற்பதில்லை. பெயர் கெட்டால் விற்றுவிடுவது என்று வாய்விட்டே சொல்லியிருந்தாள்.

பெனடிக்ற் மேலே வந்தபோது றோஸ்மலர் கட்டில் விளிம்பில் இருந்தாள். அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்ததும் அவன் நிலத்தில் இருந்துவிட்டான்.

"ஆர்?"

"கஸ்பர்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் எழுந்தான். "நீர் கீழ வரவேண்டாம். இண்டைக்கு உம்மை அங்க கூப்பிட்டால் நான் மனுசனில்லை. நான் பாத்துக்கொள்ளுறன்."

"எப்பிடிப் பாப்பீங்கள்?"

"கண்ணால பாக்கிறன். நாலும் கண்ணாடி மாதிரித் தெளிஞ்சிருக்கு."

"புளிச்சதும் தெளிஞ்சுதானே இருக்கும்."

"ஆர்தரைக் கேட்டுப் பாக்கட்டோ?" என்றான் அவன்.

"ஆர்தர் கெண்டை வாயில வைக்க முதலே கெட்டுப்போச்செண்டு சொல்லுவார். லென்னைக் கேட்டால் யோர்க்ஷயர் கெட்டுப்போச்சு. கேட்ட உடன விசயமும் ஊரெல்லாம் போயிடும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான்.

பத்தரைக்கு பெர்னடெற் வந்தாள். அடுத்த தெருவில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரி. கோயில் செபக்குழுவுக்குத் தலைவி. யாக்கோப்பு அவள் வீட்டுக்கும் போன் எடுத்திருந்தார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டியில் பாணும் கொண்டு வந்திருந்தாள். கட்டிப்பிடித்து அழுதார்கள். செபமாலை சொன்னார்கள். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'க்கும் நடுவில் றோஸ்மலருக்குக் கீழே பெனடிக்ற் நடக்கும் சத்தம் கேட்டது. ஒரு பீப்பாய், நிற்பது, அடுத்த பீப்பாய், நிற்பது, திரும்பி முதல் பீப்பாய். கூட்டுக்குள் அடைபட்டது போல நடந்தான்.

தம்பி மண்ணுக்குள் போன மறுநாள் வாயில் மது படலாமா? படக்கூடாது. வெளியே தெரிந்தால் காறித் துப்புவார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் புளித்த பியரை சங்கத்துக்காரர் வாயில் வைத்து முகம் சுளிக்கும் அந்த நொடியில் கத்தரின் பெனடிக்றைத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு பெட்டி கட்டவேண்டியதுதான்.

செபமாலை முடிந்ததும் றோஸ்மலர் எழுந்தாள். "அக்கா, ஒருக்கா கீழ போட்டு வாறன்."

செல்லரில் பெனடிக்ற் அவளைப் பார்த்துக் கையால் வேண்டாம் என்றான். அவள் கிளாஸை நீட்டினாள். முதல் பீப்பாயிலிருந்து ஒரு மிடறு பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதை வாயிலும் விட்டாள். குளிர்ந்த தண்ணீர். அழுது அழுது மூக்கு சீமெந்து பூசியது போல அடைத்திருந்தது. சீறினாள், சுடுதண்ணீரில் முகம் கழுவினாள், மறுபடி மணந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள், "எனக்கும் தெரியேல்லை."

மேலே கத்தரின் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

றோஸ்மலர் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். பெர்னடெற் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி செய்யவேணும்."

"சொல்லு பிள்ளை. பூசைக்கோ? நான் ஃபாதரிட்டச் சொல்லுறன்."

"பூசை இல்லை. கீழ வந்து பியர் மணந்து பாக்கவேணும்."

பெர்னடெற் பிளாஸ்க்கை மெல்ல வைத்தாள். "துக்கத்தில உனக்கு அறளை பேந்திட்டுது. இதில படு."

றோஸ்மலர் படுக்கவில்லை. நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னாள். பெர்னடெற்றின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

"ரெண்டு வருசமா நீயோ குடிச்சனீ? அப்ப அந்த ஏலக்காய்! அடி பாவி, உனக்கு வயித்துக் கோளாறெண்டு நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்!"

"மெழுகுதிரிக் காசைத் தாறன் அக்கா. இப்ப வாங்கோ."

"நான் இதுக்கெல்லாம் வரமாட்டன். செத்த வீட்டில..."

"குடிக்கத் தேவையில்லை. மணந்தால் காணும். மணக்கிறது பாவமெண்டு எந்தக் கட்டளையில இருக்கு? இது பிழைச்சால் வாற கிழமை நாங்கள் ரோட்டில, அக்கா. முதலும் ஒருக்கா நிண்டனாங்கள். என்ன போனதெண்டு உங்களுக்குத் தெரியும்."

பெர்னடெற் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பெனடிக்ற் முதல் கிளாஸை நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள்.

"சீனி கருகின மணம். புடிங் அடிப்பிடிச்ச மாதிரி."

"ஸ்கொட்லாந்து. அது சரி," என்றாள் றோஸ்மலர்.

இரண்டாவது. "சீக்! நெருப்புக்குச்சி. இதைக் கொண்டுபோய்க் கொட்டு."

"பொறுங்கோ. நூர்ந்த குச்சியோ, கூழ் முட்டையோ?"

பெர்னடெற் மறுபடி மணந்தாள். "குச்சிதான்."

"அப்ப நல்லது. அது பேர்ட்டன்."

"இதுவோ நல்லது? வெள்ளைக்காரனுக்கு மூக்கே இல்லையோ?"

மூன்றாவதில் பிஸ்கட் மணம் என்றாள், யோர்க்ஷயர், பிழையில்லை. நாலாவதை மூக்கருகே கொண்டுபோனதும் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"சிப்ஸ் கடை."

"என்னக்கா?"

"சிப்ஸ் கடைக்குள்ள போனமாதிரி இருக்கு. சிப்ஸில ஊத்திற புளிச்ச வினாகிரி."

"தோடம்பழத் தோல் மாதிரி ஏதும் இல்லையோ? வடிவா மணந்து பாருங்கோ."

"சிப்ஸ் கடையெண்டால் சிப்ஸ் கடைதான், பிள்ளை. நான் அச்சாறு போடுறவள். எனக்கு வினாகிரி தெரியாதோ?"

கெண்ட். பெனடிக்ற் அந்தப் பீப்பாயின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அப்போதுதான் படி கிரீச்சிட்டது.

கத்தரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். வருஷக்கணக்காக இறங்காத படி. மூன்று பேரும் அசையவில்லை. அவள் கண்கள் பெர்னடெற்றின் கையிலிருந்த கிளாஸுக்கும் செபமாலைக்கும் போய், றோஸ்மலரின் வீங்கிய முகத்தில் நின்றன.

"பென், இங்கே என்ன நடக்கிறது?"

பெனடிக்ற் பீப்பாயிலிருந்து கையை எடுத்தான். றோஸ்மலர்தான் தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவருக்கு மணம் தெரியாது. விழுந்ததிலிருந்து. நான்தான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். இன்றைக்கு என்னாலும் முடியவில்லை. என் தம்பி செத்துப்போனான்."

கத்தரின் கடைசிப் படியில் இருந்துவிட்டாள். முழங்காலைத் தடவினாள். மேலே கதவில் யாரோ தட்டினார்கள், அவள் திரும்பவில்லை.

"இரண்டு வருஷமாகவா?"

"ஓம்," என்றாள் றோஸ்மலர், பதற்றத்தில் தமிழிலேயே.

"இந்த இரண்டு வருஷத்தில் என் பப்பில் ஒருவன்கூடக் கிளாஸைத் திருப்பித் தரவில்லை." கத்தரின் பெருமூச்சு விட்டாள். "நான் கேட்டது ஒரு மூக்கு. அது யாருடைய முகத்தில் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏதாவது கெட்டுப்போயிருக்கிறதா?"

"கெண்ட்."

அவள் கையை நீட்டி, பெர்னடெற்றிடமிருந்து கிளாஸை வாங்கி மணந்தாள். "ஆண்டவரே," என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு குரல் மாறியது. "தம்பி செத்த துக்கத்தில் நீ ஏன் பெண்ணே இங்கே நிற்கிறாய்? வீட்டை நான் பிடுங்கிவிடுவேன் என்றா?"

றோஸ்மலர் மறுக்கவில்லை. கத்தரின் நிலத்தைப் பார்த்தாள். "மேலே போ. அறைகள் உங்களுடையவை. நான் இருக்கும்வரை."

பன்னிரண்டு மணிக்கு மூன்று பம்புகள்தான் ஓடின. நாலாவதின் பெயர்த்தகட்டைக் கத்தரின் முதுகுப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கெட்டதைக் கொடுக்காமல் நிறுத்திய பப் என்று சங்கத்துக்காரர் அதற்கே தலையாட்டினார்கள். "கெண்ட் பயத்தில் ஓடிவிட்டது!" என்று ஆர்தர் கூவியதும், லென் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்ததும், கடைசியில் பேர்ட்டன் வென்று இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து திட்டியதும் பலகைத் தளத்துக்கு மேலே கேட்டன. அங்கே றோஸ்மலர் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பெர்னடெற் பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்து அவள் வாயில் வைத்தாள்.

தொண்ணூற்றேழில் கத்தரின் காலமாகும்வரை அவர்கள் அந்த அறைகளில்தான் இருந்தார்கள். றோஸ்மலர் ஒவ்வொரு காலையும், இனி ஒளிக்காமல், செல்லருக்கு இறங்கினாள். ஏலக்காய் கடிப்பதை விட்டுவிட்டாள். பெர்னடெற் அந்த நாளைப் பற்றிக் கோயிலில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கெட்ட பீப்பாயைத் திருப்பி அனுப்பும்போது, உள்ளே மிச்சம் இருப்பது லொறியில் சிந்தாமல் அதன் வாய்க்கு ஒரு தக்கை அடிக்கவேண்டும். பெனடிக்ற் அந்தச் சனிக்கிழமை தக்கையையும் மரச்சுத்தியலையும் எடுத்துக் கெண்ட் பீப்பாயின் மேல் வைத்தான். மேலே மனைவி அழும் சத்தம் கேட்டுப் படியேறி, அவள் பக்கத்திலேயே இருந்துவிட்டான். தக்கை அன்று அடிக்கப்படவில்லை.