அவர்கள் தூக்கிய விதம்

இடது கை ஒலிப்பதிவை நிறுத்துகிறது, கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறது, மறுபடி ஓட விடுகிறது. வலது கை விசைப்பலகைக்கு மேலே காத்திருக்கிறது. பதிவில் பேசுவது ஒரு வயதான மனிதர். "அப்பிடித் தூக்கிறதை நான் முந்தி..." என்கிறார். அதற்குப் பிறகு பேச்சில்லை. கோப்பையில் கரண்டி முட்டும் சத்தம். எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. பிறகு, "காணும் பிள்ளை. அதை நிப்பாட்டும்."

வலது கை 'நீண்ட மௌனம்' என்று எழுதுகிறது. பின்னர் 'நீண்ட' என்பதை அழித்துவிடுகிறது. நீண்டதா சிறியதா என்பது கேட்பவரின் கருத்து. சொன்னவர் அதைச் சொல்லவில்லை. 'மௌனம்' மட்டும் திரையில் நிற்கிறது.

அந்தக் கைகள் வசந்தமலருடையவை. நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், புருசெத்தில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில், மகன் கலியாணம் செய்து போன பிறகு காலியான சின்ன அறைதான் அவருடைய வேலைத்தலம். வானத்திலிருந்து ஏதோ ஒன்று விழுந்தது, யாரோ வந்து அதைச் சத்தமில்லாமல் எடுத்துப் போனார்கள் என்று சொல்கிறவர்களின் வாக்குமூலங்களை அவர் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் சேர்த்து வருகிறார். வானத்தில் வெளிச்சம் பார்த்தவர்கள் அவரிடம் வருவதில்லை. அவர்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விழுந்ததையும் எடுத்துப் போனதையும் கண்டவர்கள் மட்டுமே அவருக்கு வேண்டும்.

சோறு போட்ட தொழில் மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பொலிஸ் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார். தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வுபெற்ற நோர்வேஜிய எஞ்சினியர் ஒருவர் அவரை ஒரு நாள் வேலைக்கு அழைத்தார். விழுந்த பொருள் ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் தமிழ்ச் சமையற்காரர் ஒருவரை எஞ்சினியர் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். "வட்டமாக இருந்ததா?" என்று எஞ்சினியர் கேட்டார். வசந்தமலர் அதை அப்படியே தமிழில் கேட்டார். "ஓம், வட்டம்தான்" என்றார் சமையற்காரர். காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் வசந்தமலர் யோசித்தார். வட்டத்தை நாங்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார்? அடுத்த கிழமை தானாகவே அவரைத் தேடிப் போய், "எப்பிடி இருந்தது?" என்று மட்டும் கேட்டார். சமையற்காரர் அரைமணி நேரம் சொன்னார். அதில் வட்டமே இல்லை.

அப்படித் தொடங்கியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீதிமன்றத்திலும் பொலிஸிலும் பார்த்துப் பழகிய முறையை அவர் இங்கே கொண்டுவந்தார். சாட்சி சொல்லாத சொல்லை எழுதக்கூடாது. எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இது என்னுடையதுதான் என்று சாட்சி சொன்ன பிறகே அது வாக்குமூலம் ஆகும். நோர்வேஜிய மீனவர்கள், ஓய்வுபெற்ற சிப்பாய்கள், மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்கள் எல்லாம் மனைவிக்கும் சொல்லாததை இந்தத் தமிழ்ப் பெண்ணிடம் சொன்னார்கள். அவர் வியப்பதுமில்லை, சிரிப்பதுமில்லை. "நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்களா?" என்று யாராவது கேட்டால், "எழுதினதை வாசிக்கிறேன், சரியா என்று பாருங்கள்" என்பார்.

சொந்தபந்தங்களுக்கு அது பறக்கும் தட்டுப் பகிடி. "மலர், உம்மடை தட்டுக்காரர் எல்லாரும் சுகமோ?" என்று கேட்பார்கள்.

தமிழர்களுக்குள் பெரிய தட்டுக்காரர் என்றால் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் தில்லைநாதன்தான். எண்பதுகளின் கடைசியில் இங்கு வந்த பலரைப் போல அவரும் முதலில் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். அங்கே கடலில் ஏதோ விழுந்ததையும், இராணுவம் வந்து அள்ளிக்கொண்டு போனதையும் கலியாண மண்டபங்களில் அவர் சொல்லாத வருடம் இல்லை. வருடத்துக்கு வருடம் வெளிச்சங்கள் கூடும். மூன்று ஐந்தாகும், ஐந்து ஏழாகும்.

"அண்ணை, தட்டுக்குள்ளை ஆர் இருந்தது?" என்று இளந்தாரிகள் கேட்பார்கள்.

"உன்ரை மாமிதான். சீதனம் குடுக்கப் பயந்து ஒளிச்சிருந்தவ."

மேசை முழுக்கச் சிரிக்கும். அதனால் வசந்தமலர் தில்லைநாதனிடம் ஒருநாளும் வாக்குமூலம் கேட்டதில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் தில்லைநாதனுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அவரே தொலைபேசியில் அழைத்தார். "வந்து எழுதும் பிள்ளை. பகிடியை விட்டிட்டு எழுதும்."

எல்லிங்ஸ்ருட் புருசெத்திலிருந்து அடுத்த தரிப்பிடம், ரயில் அதோடு முடிகிறது. கதவைத் திறந்த மகள் நிலூஜா வழியை விடாமல் நின்றார்.

"அன்ரி, அப்பாவை இன்ரநெற்றிலை போடுவீங்களோ?"

"அவர் சரியெண்டு சொல்லாமல் ஒரு எழுத்தும் எங்கையும் போகாது."

"என்ரை பிள்ளையள் இஞ்சைதான் பள்ளிக்குப் போகுதுகள். உங்கடை தாத்தாவோ தட்டுக்காரன் எண்டு ஏற்கெனவே கேக்கினம்."

"விடு பிள்ளை, ஆளை உள்ளுக்கு விடு" என்று உள்ளேயிருந்து தில்லைநாதன் குரல் கொடுத்தார்.

அன்றைக்கு அவர் சொன்னதில் வெளிச்சமே இல்லை. அங்கே மார்கழியில் சூரியன் எழும்பாது. காலைப் பத்து மணிக்கும் உருவம் மட்டும் தெரிகிற இருட்டு. தேநீர் இடைவேளையில் தொழிற்சாலைக்குப் பின்னால் கடற்கரையில் நின்றார். இரண்டு வள்ளங்கள் வந்தன. சீருடை போட்டவர்கள் முறிந்த தகடுகளை இழுத்து லொறியில் எறிந்தார்கள். இரும்புச் சத்தம் காதைக் கிழித்தது. பிறகு சத்தம் நின்றது. இரண்டாவது வள்ளத்திலிருந்து நாலு பேர் எதையோ தூக்கினார்கள். மேலே பச்சைப் படங்குத் துணி போட்டிருந்தது. முன்னுக்கு நின்றவன் பின்பக்கமாக நடந்தான். இடையில் கீழே வைக்காமலே தோள் மாற்றினார்கள். ஐஸில் ஒருவன் சறுக்கியபோது மற்ற மூன்று பேரும் அவனோடு சேர்ந்து பதிந்தார்கள், அது சரியவில்லை. படங்கின் ஒரு நுனி விலகியது. ஒருவன் நின்று அதை இழுத்து, குளிர் படாமல் இருக்கச் செருகுவது போலச் செருகிவிட்டான்.

"இரும்பை அப்பிடி ஒருத்தரும் தூக்கிறதில்லை" என்றார் தில்லைநாதன். "அப்பிடித் தூக்கிறதை நான் முந்தி..."

அங்கேதான் நிறுத்தச் சொன்னார். வசந்தமலர் புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னார். "பேப்பரிலை ஒண்டும் வரேல்லை பிள்ளை. கங்காணியைக் கேட்டன், பழைய வலை எண்டான். என்ரை அகதிக் கேஸ் போய்க்கொண்டிருந்த நேரம், நான் வாயைத் திறக்கேல்லை. பிறகு திறந்தபோது பகிடியாத்தான் வந்தது. அது எந்த நாட்டாளோ, எந்த உலகத்தாளோ, எனக்குத் தெரியாது. பெத்தவள் ஒருத்தி எங்கையோ பாத்துக்கொண்டு இருந்திருப்பாள். தேடிற ஆருக்கும் கிடைக்கிற மாதிரி இது ஒரு இடத்திலை இருக்கவேணும். அதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டனான்."

வசந்தமலர் சேர்த்தவை போகிற இடம், இதே ஆர்வமுள்ளவர்களின் ஒரு சின்னச் சங்கம் வைத்திருக்கும் பொதுச் சேகரம். யாரும் வந்து வாசிக்கலாம். சங்கம் வருடாவருடம் ஒரு தொகுப்பும் வெளியிடும். அதைக் கவனித்துக்கொள்பவர் றொபின். சின்ன வயதில் பெற்றோரோடு வந்து இங்கேயே படித்த கணினிக்காரர். வசந்தமலர் எல்லிங்ஸ்ருட்டுக்குப் போய் வந்தது அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"தில்லையண்ணை என்னவாம் அக்கா?"

"நாலு பேர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு போனவையாம். கவனமாத் தூக்கினவையாம்."

"அப்ப அது உடல்."

"அவர் காணேல்லை. சொல்லவுமில்லை."

"வேறை என்னத்தை அப்பிடித் தூக்குவாங்கள்? உங்கடை சேகரம் முழுக்கத் தகடும் வயரும்தான் அக்கா. இதுதான் முதல் உடல். அட்டையிலை போடுவம். அமெரிக்காக்காரனெல்லாம் உங்கடை வாசலிலை நிப்பான்."

"நிக்கட்டும். தேத்தண்ணி ஊத்தக் கோப்பை காணாது."

சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாரே தவிர, 'உடல்' என்ற அந்தச் சொல் வசந்தமலரை விடவில்லை. உண்மையில் அவர் கையில் அப்படியொரு வாக்குமூலம் இருந்ததில்லை. வெளிநாட்டில் இதே வேலை செய்கிறவர்கள் அந்த ஒரு சொல்லுக்காக வாழ்நாளைக் கழித்தவர்கள். பச்சை உடம்பு, பெரிய கண் என்று அதற்கு உடனே படம் கீறிவிடுவார்கள். பிறகு தில்லைநாதனின் சாட்சி மறுபடியும் கலியாண மண்டபத்துக்கே போய்ச் சேரும், இந்த முறை உலகம் முழுக்க. ஆனால் அந்தச் சொல் இல்லாவிட்டால் மிஞ்சுவது நாலு பேர் ஒரு சுமையைத் தூக்கிய கதை. எந்தத் தாய் அதில் தன் பிள்ளையை அடையாளம் காண்பாள்?

வாசித்துக் காட்டப் போன நாளில் தில்லைநாதனே அதைக் கேட்டார்.

"இதிலை ஆள் எண்டு இல்லையே."

"நீங்கள் முகம் கண்டனீங்களோ அண்ணை?"

"இல்லை."

"கை, கால்?"

"படங்கு மூடியிருந்தது எண்டு சொன்னனெல்லோ. எண்டாலும் அது ஆள்தான். எழுதும்."

"காணாததை நான் எழுதேலாது."

"அப்ப நீரும் பகிடி எண்டுதான் நினைக்கிறீர்." தில்லைநாதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "எல்லாரும் ஒண்டுதான். எழுதிற ஆக்கள் எல்லாரும் ஒண்டுதான்."

வசந்தமலர் ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்திக் கைப்பைக்குள் வைத்தார். பேனாவையும் மூடி வைத்தார். கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அது வட்டம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெளியே எதிர் மாடிகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தில்லைநாதனின் தேநீர் ஆறி ஆடை படிந்தது.

கடைசியில் அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"என்ரை தம்பியை நாங்கள் கதவிலை வைச்சுத் தூக்கினனாங்கள். ஷெல் விழுந்தது வயலுக்குள்ளை. வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு ஓடினம். நாலு பேர். நான் முன்னுக்கு. பின்பக்கமாத்தான் நடந்தனான், அவன்ரை முகத்துக்கு முதுகைக் காட்ட எனக்கு மனம் வரேல்லை. வழியிலை அவன் உடுத்திருந்த சாரம் விலகிச்சுது. செத்தவனுக்கு என்ன குளிர்? எண்டாலும் செருகிவிட்டனான்."

வசந்தமலர் கைப்பையைத் திறக்கவில்லை.

"இஞ்சை வந்து அகதி விசாரணையிலை இதைச் சொன்னனான். எழுதின மனிசன் மூண்டு தரம் கேட்டான், கதவின்ரை எந்தப் பக்கத்தைப் பிடிச்சனீ எண்டு. ஒருக்கா வலம் எண்டன், ஒருக்கா இடம் எண்டன். மாறிச் சொல்லுறாய் எண்டான். நாங்கள் வழியிலை தோள் மாத்தினனாங்கள் பிள்ளை. அதாலை மாறினது. அதைச் சொல்ல எனக்கு அப்ப வாய் வரேல்லை. அதுக்குப் பிறகு பேனை பிடிச்ச ஒருத்தருக்கும் தம்பியைச் சொல்லுறதில்லை எண்டு விட்டிட்டன்."

அப்படியான விசாரணைகளில் அப்படியான கேள்விகளை வசந்தமலரே எத்தனையோ பேருக்குத் தமிழில் கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பவருக்குக் கேள்வியை மாற்ற உரிமையில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு மேசையைப் பார்க்கவில்லை.

"அண்ணை," என்றார், "அந்த வள்ளத்தடியிலை நீங்கள் கண்டது இதைத்தானே எண்டு நான் கேக்கமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொல்லிப் போட்டன்." தில்லைநாதன் திரும்பினார். "இப்ப எடும் உம்மடை பேனையை. இரண்டையும் எழுதும். தம்பியைத் தூக்கினதை முதல் எழுதும். பிறகு அவங்கள் தூக்கினதை எழுதும். உடல் எண்டு நீர் எழுதத் தேவையில்லை."

அப்படித்தான் எழுதினார். முதலில் வயல்வெளி, பிறகு பனிக்கரை. ஒன்றை மற்றதோடு இணைக்கும் ஒரு வசனமும் வைக்கவில்லை. தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்பார்த்தார். தில்லைநாதன் சரி என்ற பிறகு வரைவை றொபினுக்கு அனுப்பினார்; றொபின் வாசித்துவிட்டு அழைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தலைப்பு என்ன அக்கா?"

"பேர், ஊர், காலம். அவ்வளவுதான்."

"இதை அட்டையிலை போட்டால் ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

"அட்டையிலை போடாதையும். சேகரத்திலை வையும். தேடிற ஆள் வாசிக்கும்."

"ம். அண்ணையின்ரை மண்டபக் கதையை நானும் கனதரம் கேட்டுச் சிரிச்சிருக்கிறன்" என்றார் றொபின். பிறகு, "வைக்கிறன்" என்றார்.

கடைசி வாசிப்பு ஒரு பின்னேரம் நடந்தது. தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில் கையைத் தூக்கினார்.

"பச்சைப் படங்கு எண்டோ இருக்கு?"

"நீங்கள் சொன்னது."

"அந்த இருட்டிலை பச்சையை எப்பிடிக் கண்டிருப்பன்? பிறகு எங்கையோ பாத்த பச்சை. நிறம் தெரியாது எண்டு போடும்."

வசந்தமலர் வெட்டி எழுதி, பக்கத்தில் அவரைக் கொண்டு சுருக்கொப்பம் வைப்பித்தார். மீதியையும் வாசித்து முடித்தார்.

"ஓம்," என்றார் தில்லைநாதன். "இது என்ரைதான்."

எல்லாப் பிரதிகளிலும் கையெழுத்து வைத்தார். சேகரத்துக்குப் போக வேண்டியதை வசந்தமலர் உறையில் இட்டார். அந்த நேரம் நிலூஜா வேலை முடிந்து வந்தார். மேல்சட்டையைக் கூடக் கழற்றாமல் மேசையைப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ? தட்டு எத்தினை லைற்றோடை வந்தது?"

"லைற் இல்லை," என்றார் தில்லைநாதன். தமிழ்ப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "உன்ரை சித்தப்பா எப்பிடி வீட்டை வந்தவர் எண்டு நீ சின்னனிலை கேட்டனீ. நான் சொல்லேல்லை." வசந்தமலர் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மற்றதை இவளிட்டைக் குடும். தமிழ் எண்டால் எழுத்துக்கூட்டிக்கொண்டு இருப்பாள். நொர்ஸ்க் எண்டால் ஒரே மூச்சிலை வாசிப்பாள்."

நிலூஜா தகப்பனைப் பார்த்தார், பிறகு வசந்தமலரைப் பார்த்தார். கைப்பையை மெல்லத் தரையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

வசந்தமலர் நோர்வேஜியப் பிரதியின் பக்கங்களை ஒழுங்காக அடுக்கி, முதல் பக்கம் மேலே வரத் திருப்பி, அவரிடம் நீட்டினார்.