நெல் மூட்டைக்குப் பின்னால் ஒரு கல்யாணம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் இன்றும் சந்தேகம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தை மாதம் என் மனைவி களத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு பின்னறைக் கட்டிலில் படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் தங்கை மகளுக்கு நீடாமங்கலத்தில் கல்யாணம். ஐந்து வயதுவரை எங்கள் வீட்டில் வளர்ந்த பெண். "நான் பாக்காமலே அவ கழுத்துல தாலி ஏறப்போவுது" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தை நேரலையில் காட்டப்போவதாகச் சொன்னார்கள். டிவியைப் பின்னறைக்கு மாற்றினேன். வாசல் அறையில் இருந்த வைஃபை பெட்டியிலிருந்து படம் நன்றாகவே வந்தது. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது படம் நின்று, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மேட்டிலிருந்து தண்ணீர் பாய்வது போலப் பாயும் என்று நினைத்துப் பெட்டியைப் பரண்மேல் வைத்தேன். அப்போதும் வட்டம்தான்.

யாரிடமும் வாய் திறந்து கேட்பது எனக்குச் சிரமம். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"என்னங்க, பொண்ணா கேக்கப் போறீங்க? நெட்டுக்காரருக்குப் போன் போட இவ்வளவு வெக்கமா?" என்றாள் மனைவி.

இணைப்புக் கொடுத்தவரை அழைத்தேன்.

"பெட்டிக்கும் டிவிக்கும் நடுவுல புதுசா எதாச்சும் வச்சீங்களாண்ணே? பீரோ, பிரிட்ஜு?"

"ஒண்ணும் வைக்கலைங்க."

மறுநாள் காலை அவரே நேரில் வந்தார். நடு அறைக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டார். கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை இன்னும் வரவில்லை, வானமும் மூடியிருந்தது என்று நெல் மூட்டைகளை அங்கே உத்தரம்வரை அடுக்கியிருந்தேன்.

"அண்ணே, இது என்ன?"

"நெல்லுங்க."

"ஒண்ணும் வைக்கலன்னீங்க!"

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. நான் பொய் சொல்லவில்லை. அறுப்பு முடிந்தால் வீட்டில் நெல் இருக்கும். அதைப் புதிதாக வைத்த பொருளாக எனக்குத் தோன்றவே இல்லை.

"ஈர நெல்லுண்ணே, சொவத்த விட மோசம். மூட்டைய வெளிய எடுங்க. இல்லன்னா வயர் இழுங்க."

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றைக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். நடவுக்கு வரிசை கோணாமல் கயிறு பிடித்த கை எனக்கு. ஒரு முனையைப் பெட்டியில் மாட்டி, வெளிச்சுவரில் தாழ்வாரத்துக்குக் கீழே முழத்துக்கு ஒரு கிளிப் அடித்து, மறுமுனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து டிவியில் செருகினேன். வட்டம் நின்றது.

கல்யாணத்தன்று காலை மனைவி மாவுக்கட்டுக்கு மேல் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டாள். பச்சரிசியில் மஞ்சள் பிசையச் சொன்னாள். மண்டபம் என்றால் நான் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள். அன்று எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாததால் தைரியமாக முன்னால் நின்று, மேளம் கொட்டும்போது டிவிமேல் அட்சதை போட்டேன். கட்டிலிலிருந்து அவள் போட்டதில் பாதி என் தலையில் விழுந்தது.

தாலி ஏறியதும் மணப்பெண் கேமராவைப் பார்த்து, "பெரியம்மா, தெரியுதா?" என்றாள்.

"தெரியுதுடி தங்கம்!" என்று இவள் நீடாமங்கலத்துக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

மூட்டைகள் போய்விட்டன. வயரை நான் கழற்றவில்லை. இன்று காலை டிவியைத் துடைத்தபோது பின்னாலிருந்து நாலு மஞ்சள் அரிசி விழுந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாசி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.