கயிற்றை அறுத்தவள்

என் கணவர் படகு விட்ட கதையை அவர் வாயால் கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. என் வாயால் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தால், "அதான் அவரே சொல்லிட்டாரே" என்று எழுந்து போவார்கள். எழுதினால் யாரும் எழுந்து போக முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். அவருக்குக் காவலூரில் வேலை. நட்சத்திரம் பார்க்கிற பெரிய குழாய்கள் திரும்புவதற்குப் பல்சக்கரம் இருக்கும்; அதற்கு எண்ணெய் போடுவது, தேய்ந்ததை மாற்றுவது. மலைமேலேயே குவார்ட்டர்ஸ். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். ஒரு வெள்ளைக்காரனும் அவன் மனைவியும் பாய் கட்டிய குட்டிப் படகில் ஏரி ஏரியாகப் போகிறார்கள். இருட்டுகிற இடத்தில் கரையேறி, கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிடுகிறார்கள். "நாமளும் போலாமா?" என்றார். சுற்றிலும் மலை, குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏலத்தில் எடுத்த மரப்பெட்டிகளின் பலகையைக் கொண்டு ஆறு மாதத்தில் செய்து முடித்தார். எட்டடி நீளம். இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பெட்டியின்மேல் அச்சடித்த அம்புக்குறிகள் உள்பக்கம் அப்படியே இருந்தன, இது மேல் பக்கம் என்று காட்டுவதற்காக. பாய் நான் தைத்தது. காடாத் துணியை நான்கு மடிப்பாக மடித்து ஓரம் அடித்ததில் என் தையல் மெஷினில் மூன்று ஊசி உடைந்தது. கதையில் அவர் பலகையைச் சொல்வார், தாரைச் சொல்வார், ஆணியைக்கூடச் சொல்வார். பாய் மட்டும் வானத்திலிருந்து விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கலசப்பாக்கத்துப் பெண். எங்கள் கழனிக் கிணற்றில் ஆறு வயதிலேயே இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டார்கள்; பத்து வயதில் குதித்து அடிமண் எடுத்துக்கொண்டு வருவேன். என் கணவருக்கு நீச்சல் தெரியாது. அதற்காக லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து எடுத்துவந்தார். ஒரே ஒரு டியூப்தான். அதை யார் மாட்டிக்கொண்டார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மாமனாருக்கு ஆலங்காயத்தில் புளி வியாபாரம். மலைக்காரர்களிடம் புளியும் சாமையும் வாங்கி, சொந்த லாரியில் திருவண்ணாமலைப் பக்கம் அனுப்புவார். அந்த வீட்டில் கயிறு என்றால் சாமி மாதிரி. பாரத்தின்மேல் கயிறு போட்டு முடிச்சு விழுந்துவிட்டால் இறக்குகிற இடம் வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது. கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். வழியில் மழை வந்தாலும், லாரி பள்ளத்தில் இறங்கினாலும் சரி, நடுவழியில் கயிறு அவிழ்ந்தால் அந்த வருஷ வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். என் கணவர் பல்சக்கரத்துக்குப் போனாலும் கை அந்த வீட்டுக் கைதான். அவர் போடுகிற முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். கல்யாணத்துக்குப் பிறகு என் டிரங்குப் பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்தவர் அவர்தான். வீடு வந்து சேர்ந்து அவரே வந்து அவிழ்க்கும்வரை நான் மாற்றுப் புடவை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாமனாரின் லாரி போகும்போது படகைப் பாரத்துக்கு மேல் ஏற்றிக் கட்டி, செங்கம் தாண்டிச் சாத்தனூர் அணையில் எங்களை இறக்கிவிடும். திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளும். இடையில் இரண்டு நாள் எங்களுடையது.

முதல் தடவை போனது தை மாதம். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அணை தளும்பி நின்றது. காற்று மெதுவாகத் தள்ள, நான் தைத்த பாய் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குக் கர்வமாக இருந்தது. எதிர்க்கரையில் பாறைக்குப் பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். மூன்று கல் வைத்துச் சாமைச் சோறு பொங்கி, அங்கேயே பிடித்த மீனைக் குழம்பு வைத்தேன். வீட்டில் ஒரு தம்ளரை நகர்த்தி வைக்காதவர் அன்றைக்குச் சுள்ளி பொறுக்கினார். கூப்பிட்டால் திரும்புகிற தூரத்தில் மாமியார், நாத்தனார், பக்கத்து குவார்ட்டர்ஸ் யாரும் இல்லை. மூன்று வருஷக் கல்யாணத்தில் நாங்கள் பேசாததை எல்லாம் அன்று சாயங்காலம் பேசினோம்.

மறுநாள் காலை, பரிசலில் வலை போட்டுக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை என் கணவர் பின்பக்க வளையத்தில் முடிச்சுப் போட்டிருந்தது அவர் கண்ணில் பட்டது.

"இன்னா சார் இது? கவுத்த கட்டாத சார். கையிலயே வெச்சிக்க. பெருங்காத்து வந்துச்சினா சட்டுனு வுட்டுறணும். இல்லன்னா படகையே கவுத்துப்புடும்."

"அப்படியாங்க?" என்றார் என் கணவர், மரியாதையாக. பரிசல் நகர்ந்ததும் என்னைப் பார்த்து, "நம்ம முடிச்சப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?" என்றார். நான் அப்போதே மீன்காரர் பக்கம் பேசியிருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலத்தைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

இரண்டாம் தடவை பங்குனியில். காற்று எதிர்த்து அடித்து, புறப்பட்ட கரைக்குத் திரும்ப முடியவில்லை. அரிசி தீர்ந்து, கையில் இருந்த புளியை உப்போடு நக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். லாரி டிரைவர் கரையில் நின்று ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார். ஆலங்காயம் போய்ச் சேர்ந்ததும் கணவர் சொன்னது, "இவளுக்குப் பசி தாங்கலப்பா. ஒரே அழுகை." நான் அழவில்லை. இருந்தாலும் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

மூன்றாம் தடவை ஆடியில். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். நான்காவது ஆடிக்கு இவர் என்னைத் தண்ணீரில் இறக்கினார். மேற்கே மழை பெய்து அந்த வருஷம் ஆடியிலேயே அணையில் தண்ணீர் நிறைய. நடுத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை. "வேணாங்க, காத்து அடங்கட்டும்" என்றேன். "காத்து இல்லாம பாய்மரம் எதுக்குடி?" என்றார். டியூபை மாட்டிக்கொண்டு ஏறினார்.

பாதி தூரம் வரை பறந்தோம். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடியது. நான் அலுமினியக் குண்டானில் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு கையில் சுக்கானைப் பிடித்து, மறுகையால் கண்ணில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாயின் கயிறு வழக்கம்போல வளையத்தில் கட்டிக் கிடந்தது.

இரண்டு குன்றுக்கு நடுவில் வந்தபோது காற்று ஒரே அறையாக அறைந்தது. படகு சாய்ந்தது, நிமிரவில்லை. என் பக்கத்து விளிம்பு தண்ணீருக்குள் போய், அணையே உள்ளே வருவதுபோல வந்தது.

"அவுத்து வுடுங்க! கவுத்த அவுத்து வுடுங்க!"

அவர் கயிற்றைப் பார்த்தார். கையை அதன்மேல் வைத்தார். பிறகு அந்தக் கையை எடுத்துவிட்டார். "கரைக்குப் போயிதான் அவுக்கணும்" என்றார். சத்தியமாக இதைத்தான் சொன்னார். முழங்கால் வரை தண்ணீர், முகம் வெளுத்துக் கிடக்கிறது, வாயில் அவருடைய அப்பா பேசுகிறார்.

நானே தாவி முடிச்சைப் பிடித்தேன். நனைந்து, இறுகி, கல்லாகக் கிடந்தது. நகம் பெயர்ந்தது, முடிச்சு பெயரவில்லை. சமையல் பையில் கத்தரிக்காய் நறுக்குகிற கத்தி இருந்தது. எடுத்து அறுத்தேன். மூன்றாவது இழுப்பில் கயிறு அறுந்து பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு ஆடி ஆடி நிமிர்ந்தது. பாய் மட்டும் ஓரத்தில் கிழிந்தது, என் தையல்தான்.

அதன் பிறகு அரைமணி நேரம் தண்ணீரை இறைத்தேன். அவர் டியூபைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, நீச்சல் தெரியாதவருக்குப் பயம் வரத்தானே செய்யும்? அந்தப் பழைய மீன்காரரே பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களைக் கரைக்கு இழுத்துப் போனார். வளையத்தில் மிச்சமிருந்த முடிச்சையும் அறுந்த நுனியையும் பார்த்தார். "அம்மா அறுக்கலன்னா ரெண்டு பேரையும் நாளைக்கு வலையிலதான் எடுத்திருப்பேன் சார்" என்றார். கணவர் தலையை ஆட்டினார். என் கையை எடுத்து, பெயர்ந்த நகத்தைப் பார்த்தார். "நல்லவேளடி" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. அங்கேயே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆலங்காயத்தில் லாரி நின்றதும் மாமனார் வெளியே வந்தார். படகு எப்படி, நாங்கள் எப்படி என்று கேட்கவில்லை. அறுந்த கயிற்றைக் கையில் எடுத்தார்.

"யார்ரா அறுத்தது?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நடந்ததைச் சொன்னால் போதும், புகழ வேண்டாம்.

"இவதாம்பா. காத்தப் பாத்துப் பயந்துட்டா. நான் சமாளிச்சிருப்பேன், அதுக்குள்ள கத்திய எடுத்து அறுத்துட்டா."

மாமனார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றைச் சுருட்டி மூலையில் போட்டார். அன்றிலிருந்து லாரியில் பாரம் கட்டுகிற நாள் வந்தால், "நீ கொஞ்சம் உள்ள இரும்மா" என்பார். அந்த வருஷம் புளி விலை விழுந்தது. அதற்கும் நான்தான் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவர்கள். நாத்தனார் கல்யாணத்தில் பந்தக்கால் நடும்போது மாவிலை கட்டக் கயிற்றைக் கையில் எடுத்தேன். ஒரு பெரியம்மா வந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். "கவுறு அறுத்த கை, வேணாம்மா." மூத்த மருமகள் நான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

கல்யாணம் முடிந்து குவார்ட்டர்ஸ் திரும்புகிற பஸ்ஸில் கணவரிடம் கேட்டேன். "உங்கப்பா கிட்ட உண்மைய ஒருவாட்டி சொல்லுங்க. முடிச்சுப் போட்டது நீங்க, அவுக்காதது நீங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"சொல்றேன்" என்றார்.

பொங்கலுக்குப் போனோம், சொல்லவில்லை. தீபாவளிக்குப் போனோம், சொல்லவில்லை. கேட்டால், "அப்பாவுக்கு மனசு ஒடஞ்சிடும்" என்பார். பிறகு, "இன்னும் அதையே புடிச்சிக்கினு இருக்கியா?" என்பார். படகை ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கதையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் அதில் காற்று பலமானது, அவருடைய தைரியம் பெரிதானது, என் அலறல் நீளமானது. அதற்குப் பிறகு பிறந்த எங்கள் பெண்ணே பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்ததாக வந்து சொன்னாள். என்னிடமே சொன்னாள்.

அந்த ஆடிக்கு ஏழு வருஷம் கழித்து மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டதால் அவரைப் பார்த்துக்கொள்ள நான் ஆலங்காயத்துக்கு இறங்கினேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நான். கணவர் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். இனிமேல் அவர் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமனாருக்கும் நாள் அதிகம் இல்லை. ஒருநாள் மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது நானே சொன்னேன்.

"மாமா, அன்னிக்கு அணையில நான் பயந்து அறுக்கல. படகு கவுந்துக்கினு இருந்துச்சி. அவுக்கச் சொன்னேன், அவரு அவுக்கல. அறுக்கலன்னா உங்க புள்ள இன்னிக்கு இல்ல."

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். "தெரியும்மா" என்றார்.

"எப்பலருந்து?"

"அன்னிக்கேதான். அவன் மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. "அப்புறம் ஏன் மாமா? இத்தினி வருஷம்..."

"அவன்மேல தப்பு சொல்லியிருந்தா தாங்க மாட்டாம்மா. நீ தாங்குவே."

என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். கண்ணில் ஈரம்கூட இருந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமலேயே இதை எப்படி முடிவு செய்தார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போகவேண்டும் போலிருந்தது. அப்படியே பஸ் ஏறிக் கலசப்பாக்கம் போய்விடவேண்டும் போலிருந்தது.

அவர் அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார். நான் ஊட்டினேன். அவர்கள் இருவர்மேலும் இருப்பதைவிட, அந்த ஒரு கரண்டிக்காக என்மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அதிகம்.