மூன்றே முக்கால் பஸ்

எங்கள் தெருவில் எனக்கு டப்பாக்காரம்மா என்று பெயர். சமையலறைக்கான காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்களை வீட்டிலிருந்தே விற்கிறேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. யாராவது ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்து, டப்பாவைத் திறந்து மூடிக் காட்டி, சுண்டலும் மோரும் கொடுத்து, ஆர்டர் எழுதிக்கொண்டு வருவதுதான் தொழில். இதற்கு டெமோ என்று பெயர். திருப்பதியில் பதினோரு வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

பார்க்கிறவர்களுக்கு இது ஊர் அரட்டை. உனக்கென்னம்மா, நாலு வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறாய் என்பார்கள். பேசுவதற்கு என்ன, வாய் வலிக்கும், அவ்வளவுதான். தேதி குறிப்பதுதான் உயிரை வாங்கும். முகூர்த்த நாளில் வைத்தால் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை வைத்தால் எல்லோரும் வருவார்கள், மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை காசு வெளியே போகக் கூடாது என்று கையை மடக்கிக்கொள்வார்கள். அமாவாசை தமிழ் வீடுகளுக்கு நல்ல நாள், தெலுங்கு வீடுகளுக்கு ஆகாத நாள். என் டெமோவில் இரண்டு வீட்டுப் பெண்களும் கலந்துதான் உட்காருவார்கள். பிரம்மோற்சவம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து குவிந்திருப்பார்கள், கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பங்களில், மலைக்கு மேலே யார் முறை, எந்த வாரம் என்று தெரிந்துகொண்டுதான் அந்த வீட்டு மாமியைக் கூப்பிட முடியும்.

இதற்கு நடுவில் கம்பெனியின் சீசன்கள் வேறு. சங்கராந்திக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, வரலட்சுமி விரதத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. என்னை இந்தத் தொழிலில் சேர்த்த மேடம் காலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் போனில் குரல் செய்தி அனுப்புவார். குட் மார்னிங் சாம்பியன்ஸ் என்று ஆரம்பிப்பார். நான் பல் தேய்த்துக்கொண்டே கேட்பேன். சாம்பியனாம், சாம்பியன். ஊர் முழுக்கப் பண்டிகை கொண்டாடும்போதெல்லாம் எனக்கு வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு தீபாவளிக்காவது நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக் குளித்தேனா என்றால் இல்லை.

போன வருஷம் கோடை சீசனுக்குத் தேதி குறித்ததில்தான் நான் கோட்டை விட்டேன்.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், நான்கு வயது பெரியவள். எங்கள் இருவருக்கும் பிறந்த வீடு சித்தூர். நான் திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டேன், அவள் பங்காருபாளையம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்துக்குப் போனாள். பெரிய வீடு, பெரிய தோப்பு, எல்லாவற்றுக்கும் மேலே மாமனார். அக்காவின் பெண்ணும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஐம்பது வயதில் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. எனக்கென்று ஒரு வேலை வேண்டும், நானும் உன்னைப் போல டப்பா விற்கிறேன் என்றாள். இரண்டு வருஷம் கெஞ்சி மாமனாரின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கினாள். அவர் சொன்னதை அக்கா எனக்குப் போனில் அப்படியே சொன்னாள்.

"ஒரு வாட்டி நம்ம வீட்லயே செஞ்சி காட்டு. ஊருல நாலு பொம்பளைங்க மெச்சுனா செய்யி. சிரிச்சாங்கன்னா அதோட வுட்டுடணும், மறுக்கா கேக்கக் கூடாது."

ஒரே ஒரு டெமோ. அது நன்றாக நடந்தால் அக்காவுக்குத் தொழில். இல்லையென்றால் மறுபடியும் அடுப்பும் தோப்பும்தான்.

அந்த ஊருக்கு என்ன பேசினால் எடுபடும் என்று யோசித்து வைத்தேன். மாங்காய் ஊறுகாய் போடுகிற சீசன். ஆனால் அந்தப் பெண்களிடம் போய் ஆவக்காயை பிளாஸ்டிக்கில் போடுங்கள் என்றால் துடைப்பத்தை எடுப்பார்கள். வருஷத்து ஊறுகாய் ஜாடியில்தான் இருக்க வேண்டும். அது இருக்கட்டும். அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறான். அம்மா கொடுத்தனுப்புகிற ஊறுகாய் பஸ்ஸில் ஒழுகி, துணியெல்லாம் எண்ணெயாகி, பிள்ளை போன் செய்து கத்துவான். ஒழுகாத டப்பா ஒன்று இருந்தால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடி, தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டினால் போதும். அதில் எனக்கு நல்ல கை. நடுவில் கட்டை விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, விரலை எடுக்காமலே கடைசி மூலையை மூட வேண்டும். சொல்லிக் கொடுத்தால் வராது, செய்து செய்து கை பழக வேண்டும்.

தேதி குறிக்க உட்கார்ந்தேன். மாங்காய் முழு வேகத்தில் இறங்குவதற்கு முன்னால் வைத்தாக வேண்டும், பிறகு பெண்கள் எல்லோரும் மண்டியில் இருப்பார்கள். முகூர்த்தம் பார்த்தேன், அமாவாசை பார்த்தேன், கிரிக்கெட் மேட்ச்கூடப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி என்று சொன்னேன். முதல் நாளே போய், இருந்து, பழக்கிக் கொடுத்து, டெமோ முடிந்த மறுநாள் வருவதாக ஏற்பாடு. அக்கா மாமனாரிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை எப்போது என்று பார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகத் திருப்பதியில் குடியிருக்கிறேன், அதைப் பார்க்கவில்லை. ஜாத்திரை ஆரம்பம் என்று ஊருக்குள் சாட்டிவிட்டால், அது முடிகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. இதைச் சாட்டிம்பு என்போம். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குத் தெரியும். என் கண்ணில் இருந்ததெல்லாம் அக்காவின் ஊர், அந்த ஊர் மாங்காய், அந்த ஊர்ப் பெண்கள். நான் இருக்கிற ஊரை மறந்துபோனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாத்திரை வாரத்துக்கு நட்டநடுவில் விழுந்தது.

என் மாமியார் நல்லவர், கத்த மாட்டார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"போறதுன்னா போம்மா. ஆனா ராத்திரி நம்ம ஊர்லதான் தலை சாய்க்கணும். எத்தினி மணி ஆனாலும் சரி, வந்துடு."

தேதியை மாற்றலாமா என்று அக்காவைக் கேட்டேன். மாமனாரிடம் ஒரு தேதி சொன்னால் சொன்னதுதான், மாற்றினால் இதையே சாக்காக வைத்து முடித்துவிடுவார் என்றாள். ஆகவே நேரத்தை மட்டும் ஐந்திலிருந்து மூன்று மணிக்கு மாற்றினோம். காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் நான் பட்ட பாடு நாய் படாது. திருப்பதியில் மூன்று டெமோ. அலிபிரி பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். வீட்டில் ஜாத்திரைக்கு வந்த விருந்தாளிகள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எழுந்து, பொங்கலுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு, இரண்டு பெரிய பைகளோடு பஸ் ஏறினேன். சந்திரகிரி தாண்டுவதற்குள்ளேயே தலைவலி பிடித்துக்கொண்டது. சித்தூரில் வண்டி மாறி, பங்காருபாளையத்தில் இறங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது.

அக்கா கூடத்தை மெழுகாத குறையாகத் துடைத்து வைத்திருந்தாள். ஜமக்காளம் விரித்திருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அந்த வெயிலில் பட்டுப்புடவை. நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கடலை வேக வைத்து, மோரில் மாங்காய் நறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தாள். சாப்பிட்டவுடன் மூடியை அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை செய்தாள், மூன்று தடவை ஒழுகியது. நீ செய், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அடுத்த தடவை நான் செய்கிறேன் என்றாள். சரி என்றேன்.

மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். மூன்றரைக்கும் அதே இரண்டு பேர். வெயில் தணியாமல் யார் வருவார்கள்? நாலரைக்கு வருகிறோம் என்று மற்றவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமனார் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தைக்கூட அவர் திருப்பவில்லை.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சித்தூருக்கு மூன்றே முக்காலுக்கு ஒரு பஸ் இருந்தது. ஐந்துக்கும் இருந்தது, ஏழுக்கும் இருந்தது. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால்கூடப் பத்தரை, பதினொரு மணிக்குத் திருப்பதியில் இருந்திருப்பேன். எத்தனை மணி ஆனாலும் சரி என்றுதான் மாமியாரும் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, இன்னொரு முறை எழுந்து நின்று, சிரித்து, வாங்கம்மா, இந்த டப்பாவைப் பாருங்கம்மா என்று சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. முட்டி வலித்தது, தலை வலித்தது, என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. என்னால் முடியாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

ஜாத்திரை இருக்கிறதே அக்கா, நான் இப்போது கிளம்பினால்தான் சரியாக இருக்கும் என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது எனக்குத் தெரிந்தது. பிறகு டப்பாக்களை எடுத்து வைத்துக்கொண்டு, என் பையைக் கையில் கொடுத்தாள்.

"அம்மன் காரியம். நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

கிளம்பிவிட்டேன்.

நடந்ததை மறுநாள் காலையில் அக்கா போனில் சொன்னாள். நாலரைக்கு மேல் பதினேழு பெண்கள் வந்திருக்கிறார்கள். அவ்வளவு பேர் வருவார்கள் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அக்கா எழுந்து நின்றாள், பேச்சு வரவில்லை. பேச்சு வராவிட்டால் போகிறது, செய்து காட்டிவிடலாம் என்று டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்தாள். முதல் வரிசையில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அத்தனை தண்ணீரும் நாத்தனார் மடியில். கூடமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, யாராக இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று அக்காவே சொன்னாள். எல்லோரும் கடலை தின்று, மோர் குடித்துவிட்டு, நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாராம். சிரித்தால் அதோடு விட்டுவிட வேண்டும் என்று அவர்தான் முன்னாலேயே சொல்லிவிட்டாரே.

நான் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். நீ என்ன செய்வாய், அம்மன் கட்டளையை மீற முடியுமா என்றாள் அக்கா. நான் ஆமாம் என்றேன். சாமியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டால் யார் குறுக்கே கேள்வி கேட்பார்கள்? ஜாத்திரை முடிகிற அன்றைக்குக் கோயிலுக்குப் போனேன், கும்பிடக் கை கூசியது.

டெமோக்கள் நிற்கவில்லை. வரலட்சுமி விரதம் வந்தது, தீபாவளி வந்தது, சங்கராந்தி வந்தது. ஒவ்வொன்றிலும் டப்பாவைத் தலைக்கு மேல் கவிழ்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெண்கள் கை தட்டினார்கள். எனக்குத்தான் அக்காவின் கூடம் ஞாபகத்துக்கு வரும்.

இந்தப் பங்குனியில் அக்கா மலைக்குப் போவதற்காக வந்து என் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். சாமி பார்த்துவிட்டு வந்த அன்று மத்தியானம் நான் சமையலறையில் உட்கார்ந்து கோடை சீசனுக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டாள். நீ மொதல்ல துன்னு, அப்புறம் பாரு என்றாள். நான் சோற்றில் கை வைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஜாத்திரைக்காகப் போகவில்லை அக்கா, ஐந்துக்கும் பஸ் இருந்தது, ஏழுக்கும் இருந்தது, எனக்கு முடியவில்லை, அதனால் போய்விட்டேன் என்றேன்.

அக்கா ரசம் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"எங்க ஊரு ரோட்டுல எப்ப எப்ப பஸ்ஸு போவுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். உனக்கு இருந்ததே அந்த ஒரு நாள்தானே, இரு என்று சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேனே என்றேன்.

"நீ செவுத்துல சாஞ்சிக்கினு இருந்த. மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. இவ எனக்கு மட்டுமா செய்யறா, ஊருக்கெல்லாம் இதையே செஞ்சிக்கினு கெடக்கறா, போவட்டும்னு நெனச்சேன்."

பிறகு சோறு ஆறுகிறது என்றாள். நான் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கெஞ்சி வாங்கிய ஒரே ஒரு நாள். அதை அக்கா தெரிந்தேதான் எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் அன்றைக்கு மூன்றே முக்கால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில், சித்தூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு போனேன்.