கையில் கொடுக்காத கத்தி

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு அருவி வரும், தென்காசியில் என் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள். அருவியாவது சில வருஷம் பொய்க்கும். ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு இவர்களைக் குளிக்க அழைத்துப் போய், ஈரத் துண்டோடு திரும்பி, மறுநாள் அடுத்த கூட்டம். குளித்துக் குளித்தே களைத்துப்போன மனிதன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த ஆண்டு வந்தவன் மைத்துனன், என் மனைவியின் தம்பி. சென்னைவாசி. இரண்டு வருஷமாக எங்களோடு பேச்சில்லாமல் இருந்தவனை அவளே நான்கைந்து முறை போன் போட்டு வரவழைத்திருந்தாள். இந்தத் தடவையும் முறைத்துக்கொண்டு போனால் தம்பி உறவு அவ்வளவுதான் என்று பயந்துகிடந்தாள்.

போன தடவைச் சண்டைக்கு அவள் கண்டுபிடித்த காரணம் என் மடக்குக் கத்தி. ஆன்லைனில் வாங்கியது. முதுகுப் பக்கம் சின்னதாக ஒரு கொம்பு இருக்கும். விரலால் தட்டினால் டக்கென்று திறந்துகொள்ளும். வாங்கிய அன்றே என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அதற்கப்புறம் அது செய்த வீரச்செயல் பேப்பர் பண்டலின் டேப்பை அறுத்ததுதான். "வெங்காயம் அரிய ஆளக் காணும், பட்டாளத்துக்குக் கத்தி வாங்கியிருக்காவ" என்றாள் மனைவி.

எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பகை வரும். அன்று மாம்பழம் நறுக்க நான் அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். பிறகு ஐந்தருவிக்குப் போனால் வெள்ளம், குளிக்கத் தடை. உள்ளூர்க்காரருக்கு இதுகூடத் தெரியாதா என்று அவன் கேட்க, ஊரை விட்டு ஓடினவனுக்கு அருவி காத்துக்கிட்டா கிடக்கும் என்று நான் சொல்ல, அன்று ராத்திரியே பஸ் ஏறிவிட்டான். பழியைக் கத்தி ஏற்றுக்கொண்டதால் என் வாய் தப்பித்தது.

இந்தத் தடவை கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். சரி என்றுதான் சொன்னேன். கை பழக்கத்தில் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

பேரருவியில் குளித்து, பிடரியில் நல்ல அடி வாங்கி, சிப்ஸ் கடை முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றோம். விரல் விறைத்துப்போய் மைத்துனனால் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை. கத்தி இருக்கா என்று கேட்டான். கொஞ்சம் தள்ளி மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று, பூஜை சாமான் வைப்பதுபோல் மடக்கிய கத்தியை அங்கிருந்த ரம்புட்டான் பழப் பெட்டியின் மேல் வைத்தேன். அவனும் பவ்யமாக எடுத்தான். துண்டுக்குப் பின்னால் அவள் முகம் தெளிந்தது.

பாக்கெட்டை அறுத்தான். கத்தியை மடக்கத் தெரியவில்லை. பிடிக்கு உள்ளேயிருக்கும் தகட்டை ஒரு பக்கமாகத் தள்ளினால்தான் மடங்கும். விறைத்த விரலுக்கு அது எங்கே அகப்படும்?

"எப்படி மடக்குதது அத்தான்?"

பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் பழத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தன. திறந்த கத்தியை அங்கே வைக்க முடியாது. கீழே வைத்தால் ஊரே செருப்பில்லாமல் நடக்கிறது. அவன் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிடிப் பக்கத்தை நீட்டினான். நான் கையிலேயே வாங்கி மடக்கினேன். நிமிர்ந்தபோது அவள் துவட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். இலஞ்சி தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்: "கையிலயா வாங்குனீய?"

நான் தொண்டையைச் செருமுவதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான்.

"இல்லக்கா. நான் பெட்டி மேலதான் வச்சேன். அத்தான் எடுத்துக்கிட்டாவ."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிப்ஸ் பாக்கெட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்காக அவன் சொன்ன முதல் பொய். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் சாய்ந்து, நாளைக்கு ஐந்தருவிக்குப் போகலாமா என்று கேட்டான். பிடரி விண்ணென்று வலித்தது. போவோம் மாப்ள என்றேன்.