தாடைக்குள் இரண்டு திருகாணி

காலையில் காப்பி குடிக்கும்போது என் முன்பற்கள் இரண்டுக்குச் சூடு தெரிவதில்லை. மற்ற பற்கள் சுரீரென்று காட்டிக்கொடுத்துவிடும். இவை இரண்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். சுவீடனில் நான் இருக்கும் கோத்தன்பர்க் நகரத்துக் கடற்காற்று நவம்பரில் முகத்தில் அறையும்போதும் அப்படித்தான். ஆனால் ஸ்பூன் தெரியாத்தனமாக இவற்றில் பட்டுவிட்டால், சத்தம் வெளியே கேட்காமல் மண்டைக்குள்ளேயிருந்து கேட்கும். உள்ளே யாரோ நின்றுகொண்டு கதவைத் தட்டுவதுபோல இருக்கும். இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம் பயம்தான்.

சேலத்தில் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே டிப்ளமோ முடித்தவன் நான். இந்த ஊர்ப் பனியில் சைக்கிள் விடத் தெரியவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, வேலை பார்த்த ஆலை வாசலில் குப்புற விழுந்து முன்பல் இரண்டையும் உடைத்துக்கொண்டேன். பல் டாக்டரம்மா ஒரு புதுமுறை சொன்னார். தாடை எலும்பில் துளை போட்டு டைட்டானியம் திருகாணி இரண்டை இறக்கி, மேலே ஈறைத் தைத்து மூடிவிடுவார்களாம். அரை வருடம் கழித்துத் திறந்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவார்களாம். "அது வேற்றுப் பொருள் என்று எலும்புக்குத் தெரியாது. தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்து இத்தனை வருடமாகியும் என் அடுத்த வீட்டுக் கிழவர் படியில் பார்க்கும்போதெல்லாம் "நேர் ஓக்கர் டூ ஹெம்?" என்றுதான் கேட்கிறார். வீட்டுக்கு எப்போது போகிறாய் என்று அர்த்தம். எனக்குக் கிடைக்காத குடியுரிமை ஒரு திருகாணிக்கு அரை வருடத்தில் கிடைக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

அரை வருடம் கழித்து ஈறைத் திறந்து, கருவியின் இரும்புப் பிடியால் திருகாணியைத் தட்டிப் பார்த்தார். 'டங்' என்று கணீரென்ற சத்தம். எலும்பு பிடித்துவிட்டது என்றார். என் அப்பா லாரி டிரைவர். லோடு கிளம்புமுன் ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். நாற்காலியில் சாய்ந்திருந்த எனக்கு அப்பா பக்கத்தில் வந்து நிற்பதுபோலவே இருந்தது.

பல்லின் நிறத்தில்தான் சண்டை வந்தது. டாக்டரம்மா வெள்ளை வெள்ளையாக மாதிரிகளைப் பரப்பினார். நான் என் பக்கத்துப் பற்களைக் காட்டி இதுபோல வேண்டும் என்றேன். நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர், குடித்து வளர்கிறவர்களின் பல்லில் பழுப்புக் கோடு போட்டுவிடும். தேய்த்தாலும் போகாது. நாக்பூர் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத ஒருவன் சிரித்ததைப் பார்த்து, "நீ நம்ம தண்ணி குடிச்சவந்தானே?" என்று அப்பா கேட்டு, அவன் பக்கத்து ஊர்க்காரனாகவே இருந்த கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். இதை எந்த மொழியில் விளக்குவது? எனக்குப் புரியவில்லை என்று நினைத்து டாக்டரம்மா குரலை உயர்த்தி, "வெள்ளை. அழகு" என்றார். நானும் உயர்த்தி, "பழுப்பு. என் ஊர்" என்றேன். கடைசியில் பல் செய்யும் கூடத்துப் பெண் ஒருத்தி என் பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பழுப்பைத் தீட்டிக் கொடுத்தாள்.

பல் பொருத்திய சில வாரங்களில் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. நான் சேலம் ஜங்ஷனில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என் இடத்தில் நின்று சித்தப்பா மகன் செல்வராசு கொள்ளி வைத்திருந்தான். எலும்பு பொறுக்கிய கலயத்தை, நான் வந்து ஆற்றில் விடவேண்டும் என்று, காட்டோரத்து வேலமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அம்மா கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்துப் போனேன். "அம்மா" என்று வாய் திறந்ததும் ஓரடி பின்னால் போனாள்.

"இது உங்கப்பா பல்லு" என்றாள்.

உண்மைதான். என் பழைய முன்பற்களில் இருந்தது மெல்லிய கோடு. அப்பாவுக்குத்தான் இப்படிக் குறுக்காகப் பட்டையாக ஓடும். இடது பல்லில், பட்டைக்கு நடுவே அரிசி அளவு வெள்ளைப் புள்ளி. கண்ணாடியில் பார்த்தேன், அதுவும் இருந்தது. பக்கத்துப் பல்லைப் பார்த்து வரைந்ததுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் பக்கத்துப் பல்லில் புள்ளி கிடையாது. அப்பாவோ எந்தப் போட்டோவிலும் வாய் திறந்ததில்லை.

மறுநாள் முற்றத்து வெயிலில் நின்று செல்வராசுவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவன் என்னவோ சொல்ல, நான் சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து அம்மா, "இதா வாரேனுங்க" என்று குரல் கொடுத்தாள். அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அவள் அந்தக் குரலில் பதில் சொன்னதில்லை. சொம்புத் தண்ணீரோடு வாசற்படி வரை வந்து, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். செல்வராசு தலையைக் குனிந்துகொண்டான்.

சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பல்லு எப்படிக் கண்ணு நிக்குது?"

"எலும்புல திருகாணி போட்டிருக்குதுங்கம்மா."

"தோட்டுத் திருகாணியாட்டவா? திருப்பினா வந்துருமில்ல?"

"வராதுங்கம்மா. எலும்பு புடிச்சுக்கிச்சு."

எங்கள் பக்கம் பிணத்தைத் தூக்குமுன் தோடு, மோதிரம், அரைஞாண் என்று உடம்பிலிருக்கும் அத்தனையையும் கழற்றிவிடுவார்கள். "அப்ப நீ போறப்ப?" என்றாள். சமையலுக்கு என்ன காய் என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

கலயத்தை எடுத்துக்கொண்டு மோகனூர்க் காவிரிக்குப் போனோம். பால் ஊற்றுமுன் செல்வராசு உள்ளே கைவிட்டுப் பார்த்தான். எலும்புகளுக்கு நடுவிலிருந்து கருத்துப்போன போல்ட் ஒன்று வந்தது. விறகு போதாமல் பழைய லாரி பாடிப் பலகையையும் சிதையில் அடுக்கியிருந்தார்களாம்.

"இது பெரியப்பாவோடது இல்லீங்கண்ணா" என்று கரையில் வீசினான்.

காலமெல்லாம் லாரியிலேயே கிடந்த மனிதர். என் நாக்கு தானாகப் போய் முன்பல்லைத் தடவியது. என் சாம்பலிலிருந்தும் ஒருவன் இப்படித்தான் எடுப்பான், இது அவனோடது இல்லை என்று இப்படித்தான் வீசுவான். தண்ணீரில் நின்றுகொண்டு அப்பாவுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. வீடு திரும்பும் வழியில் செல்வராசுவிடம் அந்தத் திருகாணி நினைப்பைச் சொன்னேன். அவன் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

நான் புறப்பட்ட அன்று, பெட்டியைத் தூக்க வந்த செல்வராசுவை அம்மா என் எதிரிலேயே நிறுத்தினாள்.

"இவன் எங்க செத்தாலும் இங்க கொண்டாந்துரோணும். எலும்பு பொறுக்கறப்ப ரெண்டு திருகாணி வரும். வீசிப்போடாத சாமி. அதும் என்ற பையந்தான்."

"சரிங்க பெரிம்மா" என்றான். உயிரோடு எதிரில் நிற்கிற என்னை இருவரும் பார்க்கவே இல்லை.

இதெல்லாம் நடந்து பத்து வருடமாகிறது. போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். டாக்டரம்மா வருடாவருடம் தட்டிப் பார்த்து, "இனி இது முழுக்க உன்னுடையதுதான்" என்கிறார். கிழவர் படியில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறார். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை. காலையில் காப்பியைக் கலக்கிக் குடிக்கும்போது ஸ்பூன் பல்லில் படுகிறது. உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. இப்போதெல்லாம் நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாருமில்லாத சமையலறையில், "வாரேனுங்க" என்று சொல்கிறேன்.